ஆர்.சி., லைசென்ஸ் விதிகள் மாறுகின்றன என்றால் எது மாறுகிறது, யாருக்கு, எப்போதிலிருந்து?

2024 மே மாதக் கடைசியில் ஒரு தகவல் வேகமாகப் பரவியது: ஜூன் 1 முதல் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 8 போட்டுக் காட்ட வேண்டாம், டிரைவிங் ஸ்கூலே லைசென்ஸ் கொடுத்துவிடும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மறுப்பு வெளியிட்டது. பேசப்பட்ட விதிகள் 2021 ஜூன் 7 அன்று அறிவிக்கப்பட்டு, 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருப்பவை. 2024 ஜூனில் புதிதாக எதுவும் மாறவில்லை என்றது. மூன்றாண்டுப் பழைய விதி புதுச் சட்டமாக வலம் வந்திருந்தது.

நேர்மாறாக, 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு தாண்டிய வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் இருமடங்கானது. அதற்கான வரைவு பிப்ரவரியிலேயே வெளிவந்திருந்தும், பழைய வண்டி வைத்திருப்பவர்களில் பலர் புதுப்பிக்கப் போனபோதுதான் அறிந்தார்கள்.

இந்த இரண்டு குழப்பத்துக்கும் வேர் ஒன்றுதான். மசோதா, வரைவு விதி, இறுதி விதி, அரசாணை எல்லாமே செய்தியில் ‘புதிய சட்டம்’ என்றே வருகின்றன. எது எந்த அடுக்கில் நடக்கிறது என்று தெரிந்தால், நம் வண்டிக்கும் லைசென்சுக்கும் அது பொருந்துமா என்பதை நாமே முடிவு செய்யலாம்.

யார் எதை மாற்ற முடியும்?

மோட்டார் வாகனம் அரசமைப்பின் பொதுப் பட்டியலில் 35ஆவது பதிவாக இருக்கிறது. நாடாளுமன்றமும் சட்டமன்றமும் சட்டம் இயற்றலாம். இரண்டும் முரண்பட்டால் 254ஆவது பிரிவின்படி மத்தியச் சட்டமே நிற்கும். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மாநிலச் சட்டம் மட்டும் அந்த மாநிலத்துக்குள் செல்லும். வாகன வரி மாநிலப் பட்டியலில் 57ஆவது பதிவு. நடைமுறையில் அடுக்குகள் இப்படி அமைகின்றன:

1. மோட்டார் வாகனச் சட்டம், 1988. யார் ஓட்டலாம், எதைப் பதிய வேண்டும், எத்தனை நாளுக்குள், தவறினால் என்ன தண்டனை என்ற அடிப்படைகள் இதில் உள்ளன. நாடாளுமன்றம்தான் திருத்த முடியும்.

2. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989. படிவங்கள், கட்டணங்கள், தேர்வு முறை, நம்பர் பிளேட் விவரங்கள் இங்கே. அமைச்சகமே அறிவிக்கை மூலம் மாற்றலாம். பொதுமக்களைத் தொடும் மாற்றங்களில் பெரும்பகுதி இந்த அடுக்கில்தான் நடக்கிறது.

3. தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகள், 1989. சட்டத்தின் 28, 65 போன்ற பிரிவுகள் மாநிலத்துக்கு விட்டுக்கொடுத்த இடத்துக்குள் மட்டும் இயங்குபவை.

4. தமிழ்நாடு மோட்டார் வாகன வரிச் சட்டம், 1974. முழுக்கச் சட்டமன்றத்தின் கையில்.

5. அரசாணைகளும் போக்குவரத்து ஆணையரின் சுற்றறிக்கைகளும். எந்த அலுவலகம், எந்த நடைமுறை என்பதை இவை சொல்லும். சட்டம் கொடுத்த உரிமையை ஒரு சுற்றறிக்கையால் பறிக்க முடியாது.

அபராதத்தில் மாநிலத்தின் கை கொஞ்சம் நீளும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 200ஆவது பிரிவின்படி, நீதிமன்றம் போகாமல் இடத்திலேயே கட்டி முடிக்கும் இணக்கக் கட்டணத்தை மாநில அரசு நிர்ணயிக்கிறது. 2019 திருத்தம் அபராதங்களைப் பல மடங்கு உயர்த்தியபோது, இந்தப் பிரிவைக் கொண்டுதான் குஜராத் பல தொகைகளைக் குறைத்தது. தமிழ்நாட்டில் உயர்ந்த தொகைகள் 2022 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தன. ஒரே மத்தியச் சட்டம் இருந்தும் ஊருக்கு ஊர் அபராதம் வேறுபடுவதற்குக் காரணம் இதுதான். அதே திருத்தம் சேர்த்த 210ஏ பிரிவு, அபராதத்தைப் பத்து மடங்கு வரை கூட்டவும் மாநிலத்துக்கு வழி வைத்திருக்கிறது.

ஆகவே ‘மாநில அரசு லைசென்ஸ் வயதைக் குறைக்கப் போகிறது’ என்று ஒரு செய்தி வந்தால் சந்தேகப்படுங்கள். வயது மத்தியச் சட்டத்தின் 4ஆவது பிரிவில் இருக்கிறது. ‘மாநில அரசு சாலை வரியை ஏற்றப் போகிறது’ என்றால் அது நடக்கக்கூடியது.

முன்மொழிவிலிருந்து நடைமுறை வரை

2019 திருத்தம் கடந்து வந்த வழியைப் பார்த்தால் இது தெளிவாகும். மசோதா 2016இல் தாக்கலானது. 2017 ஏப்ரலில் மக்களவை நிறைவேற்றியது. மாநிலங்களவையில் தேங்கி, மக்களவை கலைந்தபோது காலாவதியானது. 2019 ஜூலையில் மறுபடி தாக்கலாகி இரு அவைகளிலும் நிறைவேறி, ஆகஸ்ட் 9 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. அதன் பிறகும் எல்லாப் பிரிவுகளும் ஒரே நாளில் வரவில்லை. அபராதம், லைசென்ஸ் காலம் தொடர்பானவை 2019 செப்டம்பர் 1 முதல். காப்பீடு, விபத்து இழப்பீடு பற்றிய அத்தியாயங்கள் 2022 ஏப்ரல் 1 முதல். 2017இல் ‘சட்டம் மாறிவிட்டது’ என்று நம்பியவர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் முந்திவிட்டார். 2019இல் ‘முழுதும் வந்துவிட்டது’ என்று நம்பியவரும் பாதிதான் சரி.

விதிகளுக்கான பாதை குறுகியது. 212ஆவது பிரிவின்படி, எந்த விதியையும் முதலில் வரைவாக அரசிதழில் வெளியிட்டு ஆட்சேபங்களைக் கேட்ட பிறகே இறுதி செய்ய வேண்டும். மத்திய வரைவுகளுக்கு வழக்கமாக 30 நாள் தரப்படுகிறது. அறிவிக்கை கையில் கிடைத்தால் மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, தொடக்கப் பத்தி. ‘பின்வரும் வரைவு விதிகள் தகவலுக்காக வெளியிடப்படுகின்றன, ஆட்சேபங்கள் வரவேற்கப்படுகின்றன’ என்றால் அது வெறும் முன்மொழிவு. ‘வரைவு இன்ன தேதியில் வெளியிடப்பட்டது, வந்த கருத்துகள் பரிசீலிக்கப்பட்டன’ என்றால் அது இறுதி விதி. இரண்டாவது, ஜி.எஸ்.ஆர். எண்ணும் (அரசிதழில் அறிவிக்கைக்குத் தரப்படும் எண்) தேதியும், பழைய அறிவிக்கை புதிதுபோல் சுற்றினால் இங்கே பிடிபடும். மூன்றாவது, ‘அமலுக்கு வரும் நாள்’ என்ற வரி. தனியாகத் தேதி எதுவும் சொல்லப்படவில்லை என்றால் அரசிதழில் வெளியான நாளே அமல் நாள். ஒரே அறிவிக்கைக்குள் துணை விதிகளுக்கு வெவ்வேறு தேதிகள் இருக்கலாம் என்பதால், தலைப்போடு நிறுத்தாமல் கடைசி வரை படிப்பது நல்லது.

பதிவு: ஆர்.சி.யைச் சுற்றியுள்ள கெடுக்கள்

சொந்த உபயோக வாகனத்தின் பதிவு 15 ஆண்டு செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். ‘15 ஆண்டானால் வண்டியை உடைக்கப் போட வேண்டும்’ என்ற அச்சம் இன்னும் இருக்கிறது. டெல்லி தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டு டீசல், 15 ஆண்டு பெட்ரோல் வண்டிகளுக்கு நீதிமன்ற, தீர்ப்பாய உத்தரவுகளால் வந்த தடையும், 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவை முடிவுக்குக் கொண்டுவந்த 52ஏ விதியும் சேர்ந்து இந்தக் குழப்பத்தை உண்டாக்கின. தமிழ்நாட்டில் தனியார் கார், பைக்குக்கு அப்படிப்பட்ட பொதுத் தடை இல்லை. வண்டி ஆய்வில் தேற வேண்டும், பசுமை வரியும் கட்டணமும் கட்ட வேண்டும், அவ்வளவே.

புதுப்பிக்கப் படிவம் 25. பதிவு முடிவதற்கு 60 நாளுக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 ஆண்டு தாண்டிய பைக்குக்கு 1,000 ரூபாய், காருக்கு 5,000 ரூபாய் என்பது 2022 ஏப்ரல் முதல் உள்ள கட்டணம். 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்ட் முதல் முறையே 2,000, 10,000. ஆய்வில் வண்டிகள் திரும்பி வருவதற்கு எஞ்சினைவிடச் சின்ன விஷயங்களே அதிகம் காரணமாகின்றன: துருவில் தேய்ந்து படிக்க முடியாத சேசிஸ் எண், ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறான நிறம், கம்பெனி பொருத்தாத ஹாரன், விளக்கு.

எந்தப் புது விதியைவிடவும் அதிகத் துன்பம் தருவது வண்டியை விற்றபின் பெயர் மாற்றாமல் விடுவதுதான். 50ஆவது பிரிவு சொல்வது: மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள், வெளிமாநிலத்துக்கு விற்றால் 45 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள். விற்றவரின் கடமை தனி, வாங்கியவரின் கடமை தனி. ‘அவர் மாத்திக்குவார்’ என்று விடுவதற்குச் சட்டத்தில் இடமில்லை. 2018இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், விபத்து நாளில் பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே. காப்பீடும் இல்லாத வண்டி என்றால் லட்சக்கணக்கான தொகை பழைய உரிமையாளர் தலையில் விழும்.

செய்ய வேண்டியவை, வரிசையாக:

1. இ-சலான் நிலுவையையும் வரி நிலுவையையும் முதலில் பாருங்கள். நிலுவை இருந்தால் விண்ணப்பம் நகராது.

2. கடனில் வாங்கிய வண்டியென்றால், கடன் முடிந்தாலும் ஆர்.சி.யில் ஹெச்.பி. பதிவு (வண்டி மீது கடன் இருப்பதைக் காட்டும் குறிப்பு) தானாக நீங்காது. வங்கி கையெழுத்திட்ட படிவம் 35ஐயும் அதன் தடையின்மைச் சான்றையும் கொடுத்து நீக்க வேண்டும்.

3. படிவம் 29 விற்பவருக்கு, படிவம் 30 வாங்குபவருக்கு. வாங்குபவர் பெயரும் தேதியும் எழுதாத வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு இடைத்தரகரிடம் கொடுப்பதுதான் வழக்கமான தவறு. வண்டி நான்கு பேரிடம் போனபின் ஐந்தாமவர் பெயர் அதில் ஏறும். இடையில் நடந்ததற்கெல்லாம் பதிவேட்டில் நீங்கள்தான் இருப்பீர்கள்.

4. வாங்கியவர் 14 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு தானாகவே மாறியதாகக் கருதப்படும். சொந்தச் சேதத்துக்கான காப்பீடு அப்படி மாறாது. மோதிய வண்டியைச் சரிசெய்யப் பணம் கேட்கும்போது இது முட்டும்.

5. எம்-பரிவாஹன் செயலியில் புதிய பெயர் வந்துவிட்டதா என்று விற்றவர் பார்த்துக்கொள்ள வேண்டும். விண்ணப்ப ரசீது மட்டும் போதாது.

பழைய கார் கடையிடம் விற்பவர்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. அங்கீகாரச் சான்று பெற்ற வணிகரிடம் வண்டியை ஒப்படைத்து, அதை அரசின் வாகனப் பதிவு இணையதளமான ‘வாகன்’ தளத்தில் பதிந்துவிட்டால், அடுத்தவர் பெயருக்கு மாறும் வரை அந்த வணிகரே உரிமையாளராகக் கருதப்படுவார். சான்று இல்லாத கடைக்கு இது பொருந்தாது. கேட்டுப் பார்த்துவிட்டே சாவியைக் கொடுங்கள்.

உரிமையாளர் இறந்துவிட்டால், வாரிசு 30 நாளுக்குள் தெரிவித்துவிட்டு மூன்று மாதம் வரை வண்டியை ஓட்டலாம்; அதற்குள் படிவம் 31 கொடுக்க வேண்டும். 2021 முதல் ஆர்.சி.யில் நியமனதாரர் பெயரைச் சேர்க்க வழி உண்டு. இதைச் செய்துவைத்தால் குடும்பத்துக்கு அலைச்சல் குறையும்.

வேறு மாநில வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கே இருந்தால் இங்கத்திய எண் வாங்க வேண்டும். பழைய மாநிலத்தின் தடையின்மைச் சான்று படிவம் 28இல் வரும். வரியை இங்கே வண்டியின் வயதுக்கேற்பக் கட்டிவிட்டு, அங்கே கட்டியதில் மீதியைத் திரும்பக் கேட்க வேண்டும். 2021 செப்டம்பரில் வந்த பாரத் வரிசை எண் இந்தச் சுற்றைத் தவிர்க்கிறது. ஆனால் மத்திய, மாநில அரசு ஊழியர், பாதுகாப்புப் படையினர், பொதுத்துறையினர், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர் ஆகியோருக்கு மட்டுமே அது கிடைக்கும். அதில் வரியை இரண்டிரண்டு ஆண்டாகக் கட்ட வேண்டும்.

வரி மாற்றம் யாரைப் பாதிக்கும்?

2023 நவம்பர் 9 முதல் தமிழ்நாட்டில் புது வாகனங்களின் வாழ்நாள் வரி மாறியது. ஒரு லட்சம் வரையிலான பைக்குக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம்; முன்பு எல்லாவற்றுக்கும் 8. கார்களில் 5 லட்சம் வரை 12, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். முன்பு 10 லட்சம் வரை 10, அதற்கு மேல் 15. அதாவது 90,000 ரூபாய் ஸ்கூட்டருக்கு 7,200 என்றிருந்தது 9,000 ஆனது. 8 லட்சம் காருக்கு 80,000 என்றிருந்தது 1,04,000 ஆனது.

இங்கே ஒரு நுணுக்கம். வருமான வரியில் வரம்பைத் தாண்டிய தொகைக்கு மட்டும் கூடுதல் விகிதம். வாகன வரியில் முழு விலைக்கும் அந்த விகிதமே விழும். 9,90,000 ரூபாய் காருக்கு 1,28,700 வரி. 10,10,000 ரூபாய் காருக்கு 1,81,800. விலையில் 20,000 ஏறினால் வரியில் 53,100 ஏறுகிறது. எல்லைக்கு அருகே கார் தேர்ந்தெடுப்பவர்கள் ஷோரூமில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, வரிக்கு எடுக்கப்படும் விலை எவ்வளவு என்பதே.

வாழ்நாள் வரி கட்டி ஏற்கெனவே பதிந்த வண்டிக்கு இத்தகைய உயர்வு வராது. புக்கிங் செய்து காத்திருப்பவருக்கு வரும். வரி பதிவின்போது கணக்கிடப்படுவது. முன்பணம் கட்டிய தேதிக்கு அதில் பங்கில்லை.

லைசென்ஸ்: வயதும் காலாவதியும்

2019 செப்டம்பர் 1க்கு முன் வழங்கிய சொந்த உபயோக லைசென்ஸ், 20 ஆண்டு அல்லது 50 வயது, இரண்டில் முந்தியது வரை செல்லும். அந்த அட்டையில் அச்சிட்ட தேதி அப்படியே செல்லும். அதன்பின் வாங்குவதும் புதுப்பிப்பதும் வேறு கணக்கு: 30 வயதுக்குள் வாங்கினால் 40 வயது வரை, 30 முதல் 50க்குள் என்றால் பத்து ஆண்டு, 50 முதல் 55க்குள் என்றால் 60 வயது வரை, 55க்கு மேல் ஐந்து ஆண்டு. வணிக வாகன லைசென்ஸ் ஐந்து ஆண்டு. 40 வயது கடந்தவர்களும் வணிக வாகனம் ஓட்டுபவர்களும் படிவம் 1ஏ மருத்துவச் சான்று தர வேண்டும்.

2019 திருத்தத்தில் பலர் கவனிக்காதது 30 நாள் சலுகை போனது. முன்பு காலாவதி தேதிக்குப் பின் 30 நாள் லைசென்ஸ் செல்லுபடியாகும் என்று சட்டத்திலேயே இருந்தது. அந்த வரி நீக்கப்பட்டது. இன்று காலாவதியான மறுநாளே நீங்கள் லைசென்ஸ் இல்லாத ஓட்டுநர். அன்று விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் எடுத்துக் காட்டுவது அந்தத் தேதியைத்தான். பதிலுக்குத் திருத்தம் இன்னொன்று தந்திருக்கிறது: காலாவதிக்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்கலாம். காலாவதிக்குப் பின் ஓராண்டு வரை தேர்வில்லாமல் புதுப்பிக்கலாம், ஆனால் அந்த இடைவெளியில் ஓட்டக் கூடாது. ஓராண்டு தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும்.

புதிதாக எடுப்பவருக்குப் பழகுநர் உரிமமான எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். அதை வாங்கி 30 நாள் ஆன பிறகே ஓட்டுநர் தேர்வு. தேறாவிட்டால் ஏழு நாள் கழித்து மறுபடி வரலாம். மூன்று முறை தவறினால் 60 நாள் காத்திருக்க வேண்டும். ஆறு மாதத்தின் கடைசி வாரங்களில் முதல் தேர்வுக்குப் போகிறவர்கள் இந்த இடைவெளியிலேயே எல்.எல்.ஆர். காலாவதியாகி, தொடக்கத்துக்குத் திரும்புகிறார்கள். இரண்டாம் மாதத்திலேயே முதல் தேர்வுக்குப் போய்விடுவது நல்லது.

தொடக்கத்தில் சொன்ன டிரைவிங் ஸ்கூல் விவகாரத்தின் உண்மை அளவு இது. ஊரில் உள்ள வழக்கமான பயிற்சிப் பள்ளி தருவது படிவம் 5. அதைக் கொண்டுபோனாலும் தேர்வு உண்டு. அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையம் தருவது படிவம் 5பி. அது தேர்விலிருந்து விலக்கு தரும். அத்தகைய மையத்துக்கு கார் பயிற்சி என்றால் குறைந்தது ஒரு ஏக்கர், கனரக வாகனம் என்றால் இரண்டு ஏக்கர் நிலம் வேண்டும். கார் பயிற்சி 29 மணி நேரம்: 8 மணி பாடம், 21 மணி ஓட்டம். லைசென்ஸை எந்த மையமும் வழங்குவதில்லை. வழங்கும் அதிகாரம் உரிமம் வழங்கும் அலுவலரிடமே இருக்கிறது. 29 மணி நேரப் பயிற்சியைக் குறுக்கு வழியாகப் பார்ப்பது தவறு. ஐந்து நிமிட 8ஐவிட அது கடினமான பாதை, சாலைக்கு நல்ல பாதையும்கூட.

நீதிமன்றத் தீர்ப்பால் வந்த மாற்றமும் ஒன்றுண்டு. 7,500 கிலோவுக்கு உட்பட்ட மொத்த எடையுள்ள வணிக வாகனத்தை, இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர் தனி அனுமதி இல்லாமலே ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு தீர்ப்பளித்தது. சிறிய சரக்கு வண்டி ஓட்டுபவர்களின் காப்பீட்டுத் தகராறுகள் பலவற்றுக்கு அது விடை. ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டிக்கு இது உதவாது.

பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளிடம் வண்டி கொடுப்பது பற்றி: 199ஏ பிரிவு பெற்றோருக்கும் உரிமையாளருக்கும் மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம் என்கிறது. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. இது முன்மொழிவல்ல, 2019 முதல் உள்ள சட்டம். மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவான வேகமும் 0.25 கிலோவாட்டுக்குக் குறைவான மோட்டாரும், பேட்டரி நீங்கலாக 60 கிலோவுக்குள் எடையும் உள்ள மின்ஸ்கூட்டர் மட்டுமே பதிவும் லைசென்சும் தேவையில்லாதது. வேகத்தைக் கூட்டி மாற்றிவிட்டால் அந்த விலக்கு போய்விடும்.

வரைவு வந்தால் கருத்து அனுப்புவது

வரைவின் கடைசியில் முகவரியும் மின்னஞ்சலும் இருக்கும். ‘இது மக்களுக்கு எதிரானது’ என்று எழுதினால் அதை வைத்து யாரும் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது. விதி எண், துணை விதி எண், இப்போதைய வாசகம், நீங்கள் கோரும் வாசகம், காரணம் என்ற வரிசையில் எழுதுங்கள். கட்டண உயர்வென்றால் உங்கள் வண்டியின் இன்றைய மதிப்போடு ஒப்பிட்டு எண்களைக் கொடுங்கள். கெடு என்றால், அந்த நாளுக்குள் ஏன் முடியாது என்பதை எந்த ஆவணம் எங்கே தாமதமாகிறது என்று சுட்டிச் சொல்லுங்கள். கெடு தேதிக்குப் பின் வருவதைப் பரிசீலிக்கும் கட்டாயம் அரசுக்கு இல்லை. வரி விகித உயர்வு இந்த வழியில் வராது. அது சட்டமன்றத்தில் மசோதாவாக வந்து நிறைவேறுவது என்பதால், மனு போக வேண்டிய இடம் உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வின் அலுவலகம், அதுவும் கூட்டத்தொடர் தொடங்குவதற்கு முன்பே.